சில ரூபாய் சில்லுக்காகப் பல லட்சம் ரூபாய் கார் ஏன் நிற்கிறது? (விவாத இழை)

வெண்மணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 அக்டோபர் 28 அன்று மெக்சிகோவின் செலாயாவில் உள்ள ஹோண்டா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. காரணம் எஞ்சினோ எஃகோ ஆள் பற்றாக்குறையோ அல்ல. நெக்ஸ்பீரியா என்ற நிறுவனம் செய்யும் டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற மிக எளிய குறைகடத்திப் பொருள்கள், அதாவது நாம் பொதுவாகச் சில்லு என்பவை, வரவில்லை. ஒவ்வொன்றின் விலையும் சில்லறைக் காசுதான். ஒரு காரில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெக்ஸ்பீரியாவின் தலைமையகம் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருக்கிறது. உரிமை சீனாவின் விங்டெக் நிறுவனத்திடம் இருக்கிறது. செப்டம்பர் 30 அன்று நெதர்லாந்து அரசு, 1952-ஆம் ஆண்டின் பொருள் இருப்புச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தி அந்நிறுவனத்தின் நிர்வாக முடிவுகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அக்டோபர் 4 அன்று, சீனாவிலுள்ள நெக்ஸ்பீரியா ஆலையிலிருந்து பொருள்கள் வெளியேறச் சீன அரசு தடை விதித்தது. ஹாம்பர்க்கிலும் மான்செஸ்டரிலும் உள்ள அதன் ஆலைகளில் செய்யப்படும் வேஃபர்களில் (பல சில்லுகள் ஒன்றாக உருவாகும் சிலிக்கான் தட்டுகள்) பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடு, சீனாவின் டோங்குவான் நகரில்தான் தனித்தனிச் சில்லுகளாக வெட்டி உறையிடப்படுகிறது. ஆகவே ஐரோப்பாவில் உருவான பொருளே ஐரோப்பியக் கார் ஆலைக்குத் திரும்ப வழியின்றிப் போயிற்று. நவம்பரில் இரு அரசுகளும் சற்று இறங்கி வந்த பிறகே நெருக்கடி தணிந்தது.

எனக்கு வியப்பளிப்பது இந்தப் பூசல் அல்ல. 2021-இல் இதே துறை இதைவிடப் பெரிய அடி வாங்கியது. அவ்வாண்டில் மட்டும் உலகெங்கும் 77 லட்சம் வாகனங்கள் செய்யப்படாமல் போகும், வருவாய் இழப்பு 21,000 கோடி டாலர் என்று அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. அவ்வளவு பட்ட பிறகும், ஓர் எளிய டிரான்சிஸ்டர் மூன்று வாரம் வராவிட்டால் தாங்குமளவு கையிருப்பு ஏன் இல்லை?

என் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறேன். சில்லுத் தட்டுப்பாட்டை நாம் கொரோனாவின் மீதும் தீவிபத்தின் மீதும் அரசியலின் மீதும் சுமத்துகிறோம். ஆனால் அடிப்படைக் காரணம் கார் நிறுவனங்களின் கொள்முதல் முறை. 2020 வசந்தத்தில் ஆலைகள் மூடியவுடன் அவை சில்லு ஆர்டர்களை வெட்டின. விற்பனை சில மாதங்களிலேயே மீண்டபோது, அந்த இடத்தை மடிக்கணினியும் செல்பேசியும் விளையாட்டுக் கருவியும் பிடித்துவிட்டிருந்தன. வரிசையைவிட்டு விலகியவர்கள் பழைய இடத்துக்கே உரிமை கொண்டாட முடியாது. இத்துறையில் இருப்பவர்கள் மறுத்துப் பேசினால் மகிழ்வேன்.

ஆலமுற்றம் எழுதியது:

வெண்மணல் ஐயா, ஆர்டரை வெட்டியது தவறுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் வெட்டாமல் இருந்திருந்தாலும் தட்டுப்பாடு வந்திருக்கும், சற்றுக் குறைவாக வந்திருக்கும் என்பதே என் கணிப்பு. வாகன மின்னணுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

செய்தித்தாள்கள் சில்லு என்றவுடன் 3 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று எழுதுகின்றன (எண் சிறியதென்றால் புதிய தலைமுறை). 2021-இல் கார்களை நிறுத்தியவை அவை அல்ல. கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்கும், பிரேக்கைக் கட்டுப்படுத்துவதற்கும், எஞ்சினுக்கு எரிபொருள் அளந்து கொடுப்பதற்கும் உள்ள சிறு கணினிச் சில்லுகளான மைக்ரோகண்ட்ரோலர்கள் பெரும்பாலும் 40 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்டவையும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லுகள் அதைவிடப் பழைய தலைமுறை. இவற்றில் பல 200 மில்லிமீட்டர் வேஃபரில் செய்யப்படுகின்றன. அந்த அளவுக்கான எந்திரங்களைக் கருவித் தயாரிப்பாளர்கள் பெருமளவில் கைவிட்டுவிட்டதால், விரிவாக்கம் செய்ய விரும்பும் ஆலை பழைய எந்திரங்களைச் சந்தையில் தேடி வாங்க வேண்டியிருந்தது.

லாபக் கணக்கையும் பாருங்கள். எந்திரத் தேய்மானம் முழுவதும் கழிந்துவிட்ட பழைய ஆலையில் செய்வதால்தான் அந்தச் சில்லு மலிவாகக் கிடைக்கிறது. அதே சில்லுக்காகப் புதிய ஆலை கட்டினால் பழைய விலைக்கு விற்க முடியாது. பிறகு யார் முதலீடு செய்வார்கள்? பிற நிறுவனங்களுக்காகச் சில்லு செய்து தரும் தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்துக்கு 2020-இல் செல்பேசிகளிலிருந்து வந்த வருவாய் 48 விழுக்காடு. வாகனத்துறையிலிருந்து வந்தது 3 விழுக்காடு. தங்கள் துறையில் யானை பலம் கொண்ட கார் நிறுவனங்கள் சில்லு ஆலையின் வாசலில் மிகச் சிறிய வாடிக்கையாளர்கள். அவர்கள் அதை உணர்ந்ததே 2021 தொடக்கத்தில்தான்.

காலமும் ஒரு கட்டுப்பாடு. ஒரு வேஃபர் நூற்றுக்கணக்கான படிநிலைகளைக் கடந்து வெளிவர மூன்று மாதமாகும்; அதன் பிறகு வெட்டுதல், உறையிடுதல், சோதித்தல் என்று சேர்த்தால் சில சில்லுகளுக்கு ஆர்டரிலிருந்து கைக்கு வர அரை ஆண்டு ஆகும். கார் ஆலையோ அடுத்த வாரத் தேவையை இந்த வாரம் சொல்லிப் பழகியது. இந்த இரண்டு கால அளவுகளும் பொருந்தவே மாட்டா.

இதற்கு நடுவில்தான் விபத்துகள் வந்து சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் மின்சாரம் நின்றபோது ஆஸ்டினில் சாம்சங், என்.எக்ஸ்.பி., இன்ஃபினியான் நிறுவனங்களின் சில்லு ஆலைகள் மூடப்பட்டன. மார்ச் 19 அன்று ஜப்பானின் நாகாவில் ரெனெசாஸ் என்ற சில்லு நிறுவனத்தின் ஆலையில் மின்முலாம் பூசும் கருவியொன்றில் மிகை மின்னோட்டத்தால் தீப்பிடித்தது. எரிந்த பரப்பு சிறியதுதான். ஆனால் தூய்மை அறைக்குள் புகையும் கரியும் பரவிவிட்டால், எரியாத எந்திரங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சோதித்தாக வேண்டும். தீப்பிடித்த உற்பத்தி வரிசையில் செய்யப்பட்டவற்றில் மூன்றில் இரு பங்கு வாகனங்களுக்கானது. ஏப்ரல் நடுவில் மீண்டும் தொடங்கி, பழைய அளவை எட்ட ஜூன் இறுதியானது. கையிருப்பு ஓரளவு இருந்திருந்தால் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாங்கக்கூடியவைதான்.

ஒரகடச்சாலை எழுதியது:

ஆலமுற்றம் அண்ணா சொல்வது சரி. ஆலைப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிந்தது என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். சென்னை அருகே ஒரகடம் பகுதியில் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பொருளில் சில்லே கிடையாது. இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துத் தாங்கிகள் செய்கிறோம். ஆனாலும் 2021-இன் இரண்டாம் பாதியில் சில்லு இல்லாமையால் எங்கள் தகடு அழுத்தும் எந்திரங்கள் நின்றன.

அது இப்படித்தான் நடந்தது. வாரக் கடைசியில் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து அடுத்த வாரத் திட்டம் வரும். வழக்கமாக அதில் சிறு மாற்றம்தான் இருக்கும். அந்த மாதங்களில் ஒரு நாளைக்குரிய எண்ணிக்கை பாதியாகும், பிறகு பூஜ்யமாகும், இரண்டு நாள் கழித்து ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். முதலில் மாலை ஷிப்ட் நின்றது. நிரந்தரத் தொழிலாளருக்கு விடுப்புக் கணக்கில் கழித்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேலையில்லாத நாளில் கூலியில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த இளைஞர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். எண்ணிக்கை மீண்டபோது அவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை; புதியவர்களுக்கு அந்த எந்திரங்களில் கைபழக்க வேறு மாதங்கள் பிடித்தன. வாகன இழப்பைக் கணக்கிடும் எந்த மதிப்பீட்டிலும் இது வருவதில்லை.

இரு சக்கர வாகனங்களையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 என்ற புகை வெளியீட்டு விதி வந்தபோது பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்னணு எரிபொருள் தெளிப்பு வந்தது. இரண்டும் தேவையான சட்டங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான பைக்குகள் சில்லு இல்லாமல் ஓட முடியாத நிலை வந்த சில மாதங்களிலேயே தட்டுப்பாடு தொடங்கியது. 2021 ஆகஸ்டில் மலேசியாவில் கொரோனா கட்டுப்பாட்டால் மூவாரில் உள்ள எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் ஆலையின் பணி தடைபட்டபோது, ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான சில்லுகள் வரவில்லை. இங்கே சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகள்வரை அந்த அதிர்வு வந்து சேர்ந்தது.

விற்பனைக்கூடம் எழுதியது:

நான் அந்த ஆண்டுகளில் ஒரு கார் முகவர் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவைக் கவனித்துவந்தேன். வாங்குபவர் பக்கத்தில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த விவாதம் பாதிதான்.

எண்ணிக்கையில் தொடங்குகிறேன். மாருதி சுசுகி 2020 செப்டம்பரில் விற்றது 1,60,442 வாகனங்கள்; 2021 செப்டம்பரில் 86,380. வாங்க ஆளில்லாததால் அல்ல. அந்தக் காலாண்டில் மின்னணுப் பாகங்கள் இல்லாமையால் ஏறத்தாழ 1,16,000 வாகனங்களைச் செய்ய முடியவில்லை என்றும், 2 லட்சத்துக்கு மேற்பட்ட முன்பதிவுகள் நிலுவையில் உள்ளன என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700-க்கு முன்பதிவு தொடங்கியபோது 57 நிமிடத்தில் 25,000 பேர் பணம் கட்டினார்கள். சில வகைகளுக்குக் காத்திருப்பு ஓராண்டைத் தாண்டியது. அந்த ஆண்டின் விழாக்கால விற்பனை பத்தாண்டுகளில் மிக மோசமானது என்று முகவர்களின் கூட்டமைப்பே சொன்னது. கடையில் கூட்டம், கிடங்கில் வண்டியில்லை என்ற நிலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ‘டெலிவரி அன்றுள்ள விலையே பொருந்தும்.’ இயல்பான காலத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை, மூன்று வாரத்தில் விலை மாறாது. ஓராண்டு காத்திருப்பில் அந்த வரி எழுந்து நின்றது. ஏப்ரலில் ஒரு விலையேற்றம், ஜூலையில் ஒரு விலையேற்றம், ஜனவரியில் இன்னொன்று. வங்கிக் கடனை ஒப்புதல் வாங்கி வைத்தவர்களுக்கு அதன் காலக்கெடு முடிந்து, மறுபடி ஊதியச் சான்று கொடுத்து, உயர்ந்திருந்த வட்டியில் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பழைய காரை மாற்றித் தருவதாகப் பேசியவர்களுக்கு முதலில் சொன்ன மதிப்பு செல்லாமல் போயிற்று. பழைய காரை முன்பே விற்றுவிட்டுப் புதியதற்குக் காத்திருந்த ஒரு முதியவர், மனைவியின் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வாடகைக் காரில் போய்வந்தார். மாதந்தோறும் எங்களிடம் வந்து, கோபப்படாமல், தேதி மட்டும் கேட்டுவிட்டுப் போவார். அவருக்குச் சொல்ல எங்களிடம் தேதி இருந்ததில்லை. எங்களுக்கே ஆலையிலிருந்து அது சொல்லப்படவில்லை.

யாருக்கு வண்டி முதலில் வந்தது என்பதையும் கவனித்தேன். ஒரு சில்லு இருந்தால் அதை எந்தக் காரில் பொருத்துவது என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. லாபம் மிகுந்த மேல்வகைகளுக்கே அது போனது. கீழ்வகை கேட்டவர்கள் பின்னால் நின்றார்கள். பொறுமையிழந்து மேல்வகைக்கு மாறினார்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2021 ஜூன் மாதத்துடன் முடிந்த ஓராண்டில் பழைய கார்களின் விலைக் குறியீடு 45 விழுக்காடு ஏறியது. ஆண்டு இறுதியில் புதிய காரின் சராசரி விலை 47,000 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில் பி.எம்.டபிள்யூ. தன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த லாபத்தை ஈட்டியது. வெண்மணல் ஐயா கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தட்டுப்பாட்டின் விலையை நிறுவனம் முழுவதும் செலுத்தவில்லை.

கார்முகில் எழுதியது:

எளிய கேள்வி ஒன்று. ஒரு நிறுவனத்தின் சில்லு கிடைக்கவில்லையென்றால் அதே வேலையைச் செய்யும் வேறு நிறுவனத்தின் சில்லை வாங்கிப் பொருத்தினால் என்ன? டெஸ்லா அப்படிச் செய்ததாகப் படித்தேன்.

ஆலமுற்றம் எழுதியது:

கார்முகில், நல்ல கேள்வி. டெஸ்லா செய்தது உண்மை. கிடைத்த மாற்றுச் சில்லுக்கேற்பத் தன் மென்பொருளைத் திருத்தி எழுதியது. அதற்கு முடிந்ததன் காரணம், கட்டுப்பாட்டுப் பலகைகள் பலவற்றையும் அவற்றின் மென்பொருளையும் தானே வடிவமைத்ததுதான். பழைய நிறுவனங்கள் அப்படியல்ல. பிரேக் கட்டுப்பாட்டை ஒரு பெரிய பாகத் தயாரிப்பாளரிடமிருந்து மூடிய பெட்டியாக வாங்குகிறார்கள். அதற்குள் எந்தச் சில்லு, அது எந்த ஆலையில் செய்யப்படுகிறது, எந்த நாட்டில் உறையிடப்படுகிறது என்பது பல கார் நிறுவனங்களுக்கு 2021 வரை தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்ற எண்ணமே நிலவியது.

தகுதிச் சோதனை அடுத்த தடை. செல்பேசிச் சில்லு உங்கள் சட்டைப்பையின் வெப்பத்தைத் தாங்கினால் போதும். எஞ்சின் அருகில் இருக்கும் சில்லு மைனஸ் 40 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரையும், சில இடங்களில் 150 டிகிரி வரையும் பல ஆண்டுகள் பிசகாமல் வேலை செய்ய வேண்டும். ஏ.இ.சி.-க்யூ100 என்ற தரநிலைப்படி வெப்பத்திலும் குளிரிலும் ஈரத்திலும் மாற்றி மாற்றி வாட்டிச் சோதிப்பார்கள். பிறகு பலகையோடு சேர்த்து, பிறகு வாகனத்தோடு சேர்த்து. பிரேக், ஏர்பேக் போன்றவற்றில் இதற்கு ஓராண்டுகூட ஆகலாம். உயிரோடு தொடர்புள்ள பாகத்தில் இந்தக் காலத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, குறைக்கவும் கூடாது.

எனவே நிறுவனங்கள் சில்லை மாற்றுவதற்குப் பதில் வசதியை அகற்றின. ஜெனரல் மோட்டார்ஸ் சில வண்டிகளில் சூடாகும் இருக்கையை நிறுத்தியது. சில பிக்கப் வண்டிகளில் எரிபொருள் சேமிப்பு அமைப்பையே விட்டுவிட்டது. பி.எம்.டபிள்யூ. சில வகைகளைத் தொடுதிரை இல்லாமல் அனுப்பியது. பெஜோ 308-இல் டிஜிட்டல் காட்டிக்குப் பதில் முள் வைத்த வேகமானி திரும்பி வந்தது. 2022 அக்டோபரில் டொயோட்டா ஜப்பானில் இரண்டு மின்னணுச் சாவிக்குப் பதில் ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றொன்றைச் சாதாரணச் சாவியாகத் தந்தது. அகற்ற முடியாத சில்லு இல்லாதபோது வண்டியை முக்கால் பங்கு முடித்து மைதானத்தில் நிறுத்தினார்கள். 2022 ஜூன் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸிடம் மட்டும் ஏறத்தாழ 95,000 வாகனங்கள் அப்படி நின்றன.

வெண்மணல் எழுதியது:

விரிவான பதில்களுக்கு நன்றி. விற்பனைக்கூடம் அம்மா சொன்ன கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறேன். நிறுவனம் விலையை முழுவதும் செலுத்தவில்லை என்பதால்தான் கையிருப்பு வைக்க அதற்குத் தூண்டுதல் இல்லை.

ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். எண்கள் என் அனுமானம், ஆனால் அளவை உணர்த்தும். ஒரு காரில் 500 எளிய சில்லுகள், ஒவ்வொன்றும் 5 ரூபாய் என்று வைத்தால் 2,500 ரூபாய். மாதம் 1,50,000 கார் செய்யும் நிறுவனம் மூன்று மாதத்துக்குச் சேமித்துவைக்க 112.5 கோடி ரூபாய் முடக்க வேண்டும். 9 விழுக்காடு வட்டியில் ஆண்டுச் செலவு 10 கோடி சுற்றி வரும். மேலே சொன்ன 1,16,000 வாகனங்களை, வாகனத்துக்கு வெறும் 5 லட்சம் என்று வைத்தாலும், ஒரே காலாண்டில் தள்ளிப்போன வருவாய் 5,800 கோடி. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகும் கையிருப்பு வீண்செலவு என்று சொல்ல முடியுமா?

டொயோட்டா இதை முன்பே செய்து காட்டியது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் இதே நாகா ஆலை சேதமடைந்தது. கார் நிறுவனங்களின் ஆட்கள் உட்பட வெளியிலிருந்து பெருந்திரளானோர் போய்ச் சீரமைப்புக்குக் கைகொடுத்தார்கள். அந்தப் படிப்பினையில் டொயோட்டா, தன் பாகத் தயாரிப்பாளர்கள் சில்லுகளை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சேமித்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. உரிய நேரத்தில் உரிய அளவு (கையிருப்பைக் குவிக்காமல் தேவைப்படும்போது மட்டும் பாகங்களை வரவழைப்பது) என்ற முறையைக் கண்டுபிடித்த நிறுவனமே அதற்கு விலக்கு வைத்தது. அதைப் பார்த்து முறையைப் படித்தவர்கள் விலக்கைப் படிக்கவில்லை.

கணக்கேடு எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கு கணக்காகச் சரி; கிடங்கில் சரிவராது. கொள்முதல் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

டொயோட்டாவிலிருந்தே தொடங்குவோம். அந்த ஏற்பாடு 2021-இன் முதல் பாதியில் அதைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் தன் உலக உற்பத்தித் திட்டத்தை 40 விழுக்காடு வெட்டியது. தென்கிழக்காசியாவில் பாக ஆலைகள் மாதக்கணக்கில் தடைபட்டபோது ஆறு மாத இருப்பும் தீர்ந்துபோகும். கையிருப்பு நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் வேறு வழி இருந்தால்தான் பயன்.

பிறகு எந்தச் சில்லைச் சேமிப்பது? ஒரு நிறுவனத்தின் எல்லா வண்டிகளையும் சேர்த்தால் பல்லாயிரம் பாக எண்கள் வரும். அவற்றில் எது நாளை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2025 செப்டம்பரில் நெக்ஸ்பீரியாவின் டயோடு நிற்கும் என்று யார் பட்டியலில் முதலிடத்தில் எழுதியிருப்பார்கள்? எல்லாவற்றையும் சேமித்தால், ஈரம் புகாத உறையில் வைக்க வேண்டும். உறை திறந்தபின் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். ஆண்டுகள் கடந்தால் சில்லின் உலோகக் கால்முனைகள் பற்றவைப்பை ஏற்காமல் போகலாம் என்பதால், தயாரித்து இரண்டாண்டு கடந்த சில்லுச் சுருளை ஏற்க மறுக்கும் வாடிக்கையாளரும் உண்டு. பலகையின் வடிவமைப்பு மாறினால் முழுக் குவியலும் பழையதாகிவிடும்.

மிக முக்கியமானது, எல்லாரும் ஒரே நேரத்தில் சேமிக்கத் தொடங்கினால் அதுவே தட்டுப்பாட்டை உண்டாக்கும். 2021-லும் 2022-லும் நான் பார்த்தது இதைத்தான். 100 தேவைப்பட்டவர் 200 கேட்டார், மூன்று இடத்தில் கேட்டார். இடைத்தரகர்கள் பல மடங்கு விலை சொன்னார்கள். போலிச் சரக்கும் புகுந்தது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. 2024-இல் அத்தனை ஆர்டரும் சுருங்கியபோது வாகனச் சில்லு நிறுவனங்கள் விற்காத சரக்கோடு நின்று, உற்பத்தியைக் குறைத்தன. மீண்டும் கையிருப்பு குறைக்கப்பட்டது. நெக்ஸ்பீரியா பிரச்சினை வந்தபோது நாம் வெறுங்கையோடு நின்றதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம்.

வெண்மணல் எழுதியது:

கணக்கேடு நண்பரே, எதைச் சேமிப்பது என்று தெரியாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பாகம் எது, மாற்றுக்குத் தகுதிச் சோதனை முடிந்த பாகம் எது என்ற பட்டியல் இருந்தால், முதல் வகையை மட்டும் சேமித்தால் போதும். அந்தப் பட்டியலே இல்லை என்பதுதான் ஆலமுற்றம் அண்ணா சொன்னதன் பொருள். மூடிய பெட்டியை வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். டயோடுக்கு மாற்று தேடுவது மைக்ரோகண்ட்ரோலருக்குத் தேடுவதைவிட மிக எளிது. முன்கூட்டியே இரண்டாவது நிறுவனத்தின் பொருளைச் சோதித்து ஒப்புதல் கொடுத்து வைத்திருந்தால் 2025 அக்டோபரில் பதற்றமே வந்திருக்காது. அதைச் செய்ய நான்கு ஆண்டுகள் இருந்தன.

கணக்கேடு எழுதியது:

அந்தப் பகுதியில் உங்களோடு உடன்படுகிறேன். எளிய பாகங்களுக்கு இரண்டாவது ஒப்புதல் வைக்காதது கவனக்குறைவு. ஆனால் அதற்கான சோதனைச் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் முறிகிறது. கார் நிறுவனம் பாகத் தயாரிப்பாளரைக் காட்டும். அவர் விலை உயர்வு கேட்பார். ஆண்டுதோறும் விலைக்குறைப்பு கேட்டே பழகிய கொள்முதல் துறை மறுத்துவிடும்.

ஒரகடச்சாலை எழுதியது:

விலைக்குறைப்பு கேட்பது எங்களிடமும்தான். சில்லுக்குப் பல மடங்கு விலை கொடுத்த அதே மாதங்களில், எஃகு விலை ஏற்றத்தைக்கூட எங்களுக்கு ஈடுசெய்யத் தயங்கினார்கள். யாரிடம் பேரம் செல்லுமோ அவரிடம்தான் பேசுகிறார்கள்.

கார்முகில் எழுதியது:

இந்தியாவிலேயே ஆலை வந்தால் இதெல்லாம் தீருமா? குஜராத்தின் தோலேராவில் கட்டுகிறார்களே.

ஆலமுற்றம் எழுதியது:

முழுவதும் தீராது, ஆனால் பொருத்தமான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். தைவானின் பி.எஸ்.எம்.சி. என்ற சில்லு நிறுவனத்தோடு சேர்ந்து டாடா நிறுவனம் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் கட்டும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாதம் 50,000 வேஃபர், 28 முதல் 110 நானோமீட்டர் வரை என்பது திட்டம். நான் மேலே சொன்ன பழைய தலைமுறை இதுதான். அசாமில் ஜாகிரோடிலும், குஜராத்தில் சானந்திலும் உறையிடும் ஆலைகளும் வருகின்றன. டோங்குவானில் என்ன நடந்தது என்பதைப் பார்த்த பிறகு அவற்றின் அருமை தெரியும்.

ஆனால் ஆலை நம் நாட்டில் இருப்பதாலேயே சில்லு நம் காருக்கு வந்துவிடாது. ஆலைக்கு நிலையான ஆர்டர் வேண்டும். ஜப்பானில் குமாமோட்டோ ஆலையில் டி.எஸ்.எம்.சி.யோடு சோனியும் டென்சோவும் டொயோட்டாவும் பங்குதாரர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆலையில் போஷ், இன்ஃபினியான், என்.எக்ஸ்.பி. ஒவ்வொன்றும் 10 விழுக்காடு வைத்திருக்கின்றன. தேவைப்படுவோரே பணம் போட்டு இடத்தை உறுதிசெய்துகொண்டார்கள். நம் கார் நிறுவனங்களும் பெரிய பாகத் தயாரிப்பாளர்களும் அப்படிப் பல ஆண்டு ஒப்பந்தமோ பங்கோ எடுக்க முன்வராவிட்டால், தோலேரா ஆலை தொடர்ந்து ஆர்டர் கொடுக்கும் வேறு யாருக்காவதுதான் ஓடும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

விற்பனைக்கூடம் எழுதியது:

ஆலையும் ஒப்பந்தமும் வரும்போது வரட்டும். இப்போது முன்பதிவு செய்யப்போகிறவர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில. கேட்கும் வகைக்கும் நிறத்துக்கும் உரிய காத்திருப்புக் காலத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். விலகினால் முன்பணம் முழுவதும் திரும்புமா, எத்தனை நாளில் என்பதையும் அதிலேயே கேளுங்கள். வாகனத்தின் அடிச்சட்ட எண் ஒதுக்கப்பட்டுக் கையில் வரும்வரை பழைய காரை விற்காதீர்கள். கடன் ஒப்புதலுக்கும் அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் போதும். ஏதேனும் வசதி பிறகு பொருத்தித் தரப்படும் என்றால், எது, எந்தத் தேதிக்குள், கட்டணமின்றியா என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், முன்பணம் கட்டாமல் அடுத்த முகவரிடம் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள்.